விரல் தெரியுது

தேர்தல் தேதி அறிவித்த அன்று சாயங்காலமே
ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டான்.
விடிவதற்குள் முதுநகரில் இருக்கிற
தலைவர்களையெல்லாம் மூடணும்.
என் பங்குக்கு வந்தவர் மாசிலாமணி.

பத்து கஜம் காடாத் துணி,
ரெண்டு கட்டு கொச்சக்கயிறு, ஒரு ஏணி.
கூலி அறுநூறு.
பில்லில் ஆயிரத்து இருநூறு.

பாதத்திலிருந்து சுற்றிக்கொண்டு போவேன்.
முகத்தைக் கடைசியில்தான் மூடுவேன்.
மரியாதையெல்லாம் இல்லை,
என் முட்டி ஒருமுறைதான் ஏணி ஏற விடும்.

சிலை திறந்த அன்று
தமிழாசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்துப்
பெயரைப் பிரித்துக் காட்டினார்:
மாசு இலா மணி.
கைதட்டல் அடங்கவில்லை,
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியது.
மேடையில் இருந்தவர்கள்
வியர்வையைத் துடைக்கிற மாதிரி
துண்டை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் கொண்டுவந்த சாயக் கம்பெனிதான்.
அண்ணன் தேசிங்குக்கு அங்கே வேலை
அவர் கையெழுத்துப் போட்ட சீட்டில் கிடைத்தது.
மாதச் சம்பளம் என்ற ஒன்று
எங்கள் வீட்டுக்கு முதல்முதலாகக் கவரில் வந்தபோது
அம்மா அதைப் பிரிக்கவே இல்லை,
அரிசிக்கடை பாக்கிக்காரன் வாசலில் நிற்கிறவரை.

ஆறாம் வருஷம் உப்பனாற்றில்
மடவை வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது.
அப்பா வலையை உதறிப் போட்டார்.
"உங்க கம்பெனித் தண்ணியாடா?"
அண்ணன் பதில் பேசாமல் ராத்திரி ஷிப்டுக்குப் போனான்.
அந்தக் காசில்தான் சோறு வெந்தது.
அப்பாவும்தான் சாப்பிட்டார்.

செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு
நாற்பது பேர் அவர் வீட்டு வாசலுக்குப் போனோம்.
கட்டின லுங்கியோடு வெளியே வந்தார்.
ஒரு மீனைக் கையில் எடுத்து முகர்ந்தார்.
அப்புறம் சொன்ன ஒரு வார்த்தையில்தான்
ஊர் இன்னும் ரெண்டாக நிற்கிறது.
"பொறுங்க" என்றார், சோனாங்குப்பத்துக் கணக்கில்.
"பொறுக்க மாட்டேன்" என்றார், கட்சிக்காரர்கள் கணக்கில்.
நான் அங்கேதான் இருந்தேன், பதினொரு வயசு.
எனக்குக் கேட்டது ஷிப்டு மாறுகிற சங்கு.

அந்த மாசியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.
சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்ததாம்,
கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள்.
சட்டையைக் கழற்றியவர் பெரியாஸ்பத்திரி குப்புராஜ்.
ரெண்டு வெற்றிலை, ஒரு பட்டணத்து பஸ் டிக்கெட், அவ்வளவுதான் என்பார்.
போகிறதுக்கு எடுத்ததா, போய்விட்டு வந்ததா?
அதை யார் பார்த்தார்கள்.

விரல்தான் தொல்லை.
எதிர்காலத்தைக் காட்டணும் என்று செய்யச் சொன்னது.
பீடத்தைத் திருப்பி வைத்ததில்
ஆற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
எப்படி இழுத்துக் கட்டினாலும்
துணியைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.
பறக்கும் படை ஜீப் நின்றது.
அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.
"விரல் தெரியுது."
தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து மாட்டினேன்.
"இப்பவும் தெரியுது."
என் தலைத்துண்டை அவிழ்த்து அதன்மேல் சுற்றினேன்.
மாவுக்கட்டு போட்ட ஆள் மாதிரி ஆகிவிட்டார்.
ஜீப் போனது.

அண்ணன் படம் மாட்டின ஆணியிலேயே
அந்தச் சீட்டும் தொங்குகிறது, லேமினேட் பண்ணி.
"அவரு இல்லாட்டி இந்த மெத்தை வீடு ஏது?"
அண்ணி கேட்பாள்.
அந்த இருமல் ஏது என்று
நான் திருப்பிக் கேட்டதில்லை.

ஓட்டுப் போட்டாச்சு, எண்ணியாச்சு,
ஜெயித்தவர்கள் பட்டாசும் வெடித்தாச்சு.
மற்ற சிலைகளுக்கெல்லாம் முகம் வந்துவிட்டது.
இவரை எடுக்கச் சொல்லி ஒரு மனு,
இன்னும் நாலடி உயர்த்தச் சொல்லி ஒரு மனு,
ரெண்டும் கலெக்டர் ஆபீஸில் கிடக்கிறது.
அதுவரை அவிழ்க்காதே என்று வாய்மொழி உத்தரவு.
பிறந்தநாளைக்குத் துணிமேலேயே மாலை விழுந்தது.
அன்று ராத்திரி அதே இடத்தில் சாணி.

நான் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.
மேலே இருக்கிற துண்டு என்னுடையது.
வெயில் ஏறுகிறது,
அதைத் திருப்பிக் கேட்டு
எந்த ஜன்னலில் மனு கொடுக்கிறது?