கெட்டிச் சாயம்

வீரபாண்டிச் சாயப்பட்டறை லேபில்
என் வேலை தேய்த்துப் பார்ப்பது.
நனைந்த வெள்ளைத் துணி சுற்றிய கட்டைவிரல் ஒன்று
சிவப்பின் மேல் பத்து முறை போய்வரும்.
வெள்ளையில் எவ்வளவு ஒட்டியதென்று பார்த்து
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் எழுதுவேன்.
நான்குக்குக் குறைந்தால் கப்பல் ஏறாது.

மூன்று வாரம் முன்பு
ஒறம்பரைக் கல்யாணம் என்று ஈரோடு போன திருமூர்த்தி
வலது முன்கையில் கண்ணாடித்தாள் சுற்றி வந்தான்.
(மனசுக்குள் அவன், வாய்க்கு நீங்க.)
பிரித்துக் காட்டினான்.
வீங்கிய தோலில் மூன்றே எழுத்து:
கடுகு.

கடுகு நான்தான்.
கோபம் வந்தால் பொரிவேனாம்.
கல்யாணமான மூன்றாம் வாரம்
தாளிக்கிற சட்டியிலிருந்து தெறித்து
என் கழுத்தில் ஒட்டிய ஒன்றை
விரல் நுனியில் எடுத்துவிட்டு வைத்த பேர்.
விளக்கணைத்த பிறகு மட்டும்.
ரேஷன் அட்டையிலும் சம்பளச் சீட்டிலும்
நான் கருணாம்பிகை.

மாமியார் முதலில் கேட்டது விலையை.
"ஆயரத்தி ஐநூறா? மூணு எழுத்துக்கா?
ரெண்டு மூட்டை தவுடு வந்திருக்குமே சாமி."
பிறகு குரலை இறக்கி,
"போட்டதுதான் போட்டே, கொலசாமி பேரப் போட்டிருக்கலாமல்லொ."

கணக்குப் பார்க்கும் நாச்சிமுத்து சார்
வருசத்துக்கு மூன்று தடவை ரத்தம் கொடுப்பவர்.
"ஊசி குத்திக்கிட்டா மாசக்கணக்குல ரத்தம் எடுக்க மாட்டாங்கம்மா.
அவசரத்துக்கு ஒருத்தன் வந்து நின்னா
கடுகக் காட்டியா அனுப்பறது?"

செக்கிங்கில் நிற்கும் மயிலாத்தா
சோத்துப்போசியை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்:
"எங்கூட்டுக்காரரு என்ற பொறந்த நாளையே
போனப் பாத்துத்தான் சொல்றாரு.
உனக்கென்னடி, கை மேல பேரு."
அவள் தம்பி போலீசு வேலைக்கு ஓடிப் பழகுகிறான்.
மணிக்கட்டுத் தேளுக்காக
சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

பாசந்தி ஒடிசாக்காரி.
முழங்கையிலிருந்து கீழே பச்சைப் புள்ளிகள்.
எட்டு வயதில், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள.
பிடிக்குமா என்றேன்.
"கைதானே அக்கா.
கை பிடிக்குமான்னு யாராவது கேப்பாங்களா?"

என்னை யாரும் கேட்கவில்லை.
கை அவனுடையது, அதில் எனக்குத் தகராறு இல்லை.
பச்சை குத்துவது தப்பென்றும் சொல்ல மாட்டேன்.
ஒரு புலி போட்டிருந்தால்
வால் சரியில்லை என்று சொல்லிவிட்டுப்
படுத்துத் தூங்கியிருப்பேன்.

இப்போது டீக்கடையில் கேட்கிறார்கள்,
"ஏனுங் மாப்ளே, மளிகைக் கடை வெச்சிருக்கீங்களா?"
அவனும் சிரித்துக்கொண்டு
கழுத்தில் தெறித்ததிலிருந்து சொல்கிறான்.
பஸ் ஸ்டாப்பில் முகம் தெரியாத பையன்
"கடுகக்கா போறாங்க" என்றான்.
இருட்டில் இருந்த ஒரு சொல்
மூடாத வால்வில் போகிற சாயம் மாதிரி
ஊர் முழுக்க ஓடுகிறது.

நேற்று அவன் அசந்து தூங்கும்போது
லேபிலிருந்து டிபன் பையில் கொண்டுவந்த
வெள்ளைத் துண்டை நனைத்துத் தேய்த்தேன்.
பத்து முறை.
ஒரு பொருக்கு வந்தது. மை வரவில்லை.
ஐந்து.

கண் திறக்காமலே
"என்ன கருணாம்பிகை" என்றான்.

அதுதான்.
குத்திக்கொண்டு வந்த நாளிலிருந்து
அவன் அந்தப் பேரைச் சொல்லவேயில்லை.
கையில் இருக்கிறதே,
வாய்க்கு எதற்கென்று விட்டுவிட்டானோ.

"வேற பேரு வெய்யிங்" என்றேன்.
"எங்கே? இந்தக் கையிலயா?"
"கையில வேண்டாம்."

யோசித்தபடியே திரும்பவும் தூங்கிப்போனான்.
இரண்டொரு தடவை உதடு அசைந்தது.
குனிந்தேன்.
மின்விசிறிச் சத்தத்தில்
சரியாகக் கேட்கவில்லை.