மோதிரவிரல்

ரேஷன் கடை மெஷின்
என் கட்டைவிரலை நான் இல்லை என்றது.
துடைத்து வை என்றார்கள், வைத்தேன்.
தலைமுடியில் தேய்த்து வை என்றார்கள், வைத்தேன்.
"பஞ்சவர்ணம், ஒனக்கு ரேகையே இல்லயேம்மா."

ரேகை போன வழி எனக்குத் தெரியும்.
கானாடுகாத்தானில் ஓட்டலாகிப்போன வீட்டில்
பதினாறு குளியலறை,
அறைக்கு ஒரு மூடி ஆசிட்,
ஆறு வருசம்.
இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல்லொன்று,
பச்சைக்கு நடுவே சிவப்புப் பூ.
பாட்டில் சாய்ந்த அன்று
பூ வெளிறிப் பாலேடாயிற்று.
சம்பளத்தில் எண்ணூறு பிடித்தார்கள்.
என் விரலுக்கு யாரிடம் பிடிப்பது?

மறு வாரம்
காரைக்குடிச் சந்தையில் ஒரு கிலோ பூந்திக்கொட்டை.
விதையைத் தட்டி எடுத்துவிட்டு
இரவெல்லாம் ஊறிய தோலைக் காலையில் கசக்கினால்
கருப்பட்டித் தண்ணீர் நிறம்.
மேனேஜர் வயிரவன் வாளியை எட்டிப் பார்த்து
"நுரை எங்கம்மா?" என்றார்.
நுரைக்கா சம்பளம் தருகிறீர்கள், அழுக்குக்கா
என்று கேட்கவில்லை.
வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

தப்பும் பண்ணினேன்.
சமையல்கட்டில் மிஞ்சிய எலுமிச்சைத் தோலை
ஊறவைத்துத் தரையில் ஊற்ற
அதுவும் கல்லைக் கடித்தது.
மரத்தில் காய்த்துவிட்டால் சாதுவா என்ன!
எலுமிச்சை இனிப் பித்தளைக் குழாய்க்கு,
பூந்தி தரைக்கு,
கக்கூஸின் மஞ்சள் கறைக்குச்
சோடாமாவும் என் முழங்கையும்.
நேரம் கூடத்தான் ஆகிறது;
ராத்திரி இடுப்பு அதைச் சொல்லும்.

ஏழாம் அறை விருந்தாளி
வாசமே இல்லையே, கழுவினீர்களா என்றார்.
வாசம் இல்லாததும் ஒரு சுத்தம் என்று
அவர் பாஷையில் எப்படிச் சொல்ல?
குனிந்து
தரையில் தெரிந்த அவர் முகத்தைக் காட்டினேன்.

மழை பெய்தால் அந்த முற்றத்துத் தண்ணீர்
வாய்க்கால் வழி ஊருணிக்குத்தான் வரும்.
ஊருணிப் படியில்தான் என் குளியலும்,
பாசிப்பயறு மாவு, தலைக்குச் சீயக்காய்.
கணுக்காலில் அரிக்கிறதே,
கெண்டைக்குஞ்சா,
காலையில் நான் ஊற்றிவிட்டு வந்ததா
என்று இப்போது யோசிப்பதில்லை.

புரட்டாசி. அதே மெஷின்.
கட்டைவிரல், இல்லை.
ஆள்காட்டி, இல்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
மோதிரமே கண்டிராத மோதிரவிரலை
பாவாடையில் துடைத்து வைத்தேன்.

பச்சை விளக்கு.

இருபது கிலோ அரிசி,
ஒரு கிலோ துவரம்பருப்பு.
பாமாயில்தான் ஸ்டாக் இல்லையாம்,
திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.
விரலையும் மறக்காமல்
கொண்டுவரச் சொன்னார்கள்.