இரண்டு பக்கம்

ஒரு பக்கத்துக்கு இருபது கிலோ.
அதற்கு மேல் என்றால் குதிரை ஏறாது,
நான் ஏற்றவும் மாட்டேன் என்று
போன வாரமே சொல்லிவிட்டார் ஒச்சப்பன்.
மேலே அரிசி மூட்டை வேறு.

பண்ணைக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே
உரக்கடைத் தராசில் புத்தகம் நிறுத்தேன்.
கடைக்காரர் சிரித்தார்:
"கிலோ என்ன விலை டீச்சர்?"

கல்லாத்துக்காட்டுக்கு ரோடு இல்லை.
நாற்பத்தோரு வீடு, ஒரு பள்ளிக்கூடம்,
பள்ளிக்கூடத்தில் பூட்டில்லாத ஒரு பீரோ.
பீரோவுக்கு இந்த வருஷம் பதினோராயிரம்.

போட்டித் தேர்வுக் கையேடு வாங்குங்கள்,
வேறென்ன வேண்டிக்கிடக்கு
என்றது ஊர்க்கூட்டம், ஒரே குரலில்.
வாங்கினேன், நான்கு.
ஒவ்வொன்றும் ஒரு செங்கல்.
நாகஜோதி ஒன்றைத் தலைக்கு வைத்துப் படுப்பாள்,
ஒன்றைப் படிப்பாள்,
கான்ஸ்டபிள் ஆவாள். ஆகட்டும்.

அவள் தம்பி பாண்டீசுக்கு
இன்னும் எழுத்துக் கூடவில்லை.
அவனுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகம்:
ஒரு யானை, ஒரு குடை.
மழைக்கு யார் யாருக்குப் பிடித்தார்கள் என்பதை
அவனே சொல்லிக்கொள்வான்.

சவேரியம்மாள் மிளகு நிறுத்து வாங்குகிறவள்.
"கதையெல்லாம் வேணாம் டீச்சர்.
கடல் எப்படி உப்பாச்சுன்னு
யாராச்சும் எழுதியிருந்தா கொண்டாங்க."
அவள் கடல் பார்த்தது ஒரே தடவை,
வேளாங்கண்ணியில், கணுக்கால் மட்டும்.
கடலுக்கு நூற்றிருபது பக்கம் கிடைத்தது.

ஒரு துப்பறியும் நாவல்.
மூன்றாம் பக்கத்திலேயே கொலை விழுந்துவிடுகிறது.
யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் ஆசை.
கணக்கு நோட்டில்
'பொது அறிவு' என்று எழுதினேன்.

நிலாவுக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று,
ரேடியோ பழுது பார்க்க ஒன்று.
அண்டார்டிகாவுக்கு ஒன்று, ஏனென்றால்
மூன்றாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்:
"நம்ம ஊர்க் குளிரை விடவா?"
வழவழத் தாளில் பறவைகள் இருந்த புத்தகத்தை
மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தேன்.
மேகம் வீட்டுக்குள் நுழையும் ஊரில்
அந்தத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்;
மைனா முதுகில்
மரங்கொத்தியின் கால் பதிந்துவிடும்.
நான்காம் முறை எடுத்தது
கையிலேயே இருந்துவிட்டது.

கோணி தைத்து ஏற்றிய பிறகுதான் தெரிந்தது.
மொத்தம் பார்த்தேன், பக்கம் பார்க்கவில்லை.
இந்தப் பக்கம் கையேடுகள் இழுக்கின்றன,
அந்தப் பக்கம் யானையும் குடையும் காற்று.
"இப்படிப் போனா மொத வளைவுலயே
சேணம் சரிஞ்சிரும்."
பிரித்துக் கட்ட நேரமில்லை, மேகம் இறங்குகிறது.
ஓடையில் இறங்கி ஒரு கல்லோடு வந்தார்,
யானையின் பக்கம் செருகினார்.

மூன்றாவது மேட்டில்,
என்னைப் பார்க்காமல்,
குதிரையின் காதிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"இதுல குதிரைக்கு வயிறு உப்புனா
என்ன செய்யணும்னு எழுதிருக்கா?"

நிலா இருக்கிறது.
அண்டார்டிகா இருக்கிறது.
கொலைகூட இருக்கிறது.
இந்த ஊரின் உப்பையும் மாத்திரையையும்
கல்யாணப் பத்திரிகையையும் சுமக்கிற
பதினோரு குதிரைக்கு
ஒரு வரி இல்லை.

"அடுத்த தடவை" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
வாரை இறுக்கினார்.

அடுக்கி முடித்தபோது
கீழ்த்தட்டில் ஒரு சாண் மிச்சம்.
எறியப் போன கல்லை அங்கேயே வைத்தேன்,
சரியும் நிலாவுக்கு முட்டாக,
வாங்காத புத்தகத்தின் இடத்தில்.

மறுநாள் பாண்டீசு யானையைத் தொடவில்லை.
கல்லைத் தூக்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நக்கியும் பார்த்தான்.
"உள்ள மினுங்குது டீச்சர்.
இது என்ன கல்லு?"

தெரியவில்லை.
பட்டியலில் குதிரைக்குக் கீழே
இன்னொரு வரி எழுதினேன்.