உட்பக்கச் சில்லு

பஞ்சிகாவத்தை. மழை விட்ட பின்னேரம்.
இம்தியாஸ் நானா பழைய பேப்பரில்
இரண்டையும் வைக்கிறார்.

"இது பல்லு வைத்தது. சத்தமே வராது.
இது தட்டு. பார்க்கிங்கில் திருப்பினால்
கடகடவென்று ஊரைக் கூட்டும்.
அடிக்கடி ஒயிலும் கேட்கும், தங்கச்சி."

போன ஞாயிறு, ஏழாவது கோனில்
என் ஸ்டார்லெட் உட்பக்கச் சில்லைத் தூக்கியது,
லைட் போஸ்ட்டைக் கண்ட நாய்போல.
எஞ்சினின் வலுவெல்லாம்
நிலத்தைத் தொடாத அந்தச் சில்லுக்கே போய்ச் சேர,
பாரம் சுமந்த மற்றது
சம்பளமில்லாமல் நின்றது.
ஒன்றேகால் செக்கன். தோற்றுப்போனேன்.

"தூக்குமென்றால் பல்லு சரிவராது," என்கிறார் நானா.
"அது பெருக்கித்தான் கொடுக்கும்.
பூச்சியத்தை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்."

பெருக்கிப் பார்த்தேன்.

ஆனால் திங்கட்கிழமை
இதே கார்தான் பொரளைச் சந்தியில் ஊரும்,
இதே முன்சீட்டில்தான் மாமி
கிளினிக் கொப்பியோடு ஏறுவா.
ஒவ்வொரு வளைவிலும் கடகட.

காருக்கு மூட்டுவாதம் என்று சொல்லலாம்.
அவவுக்கு உடனே விளங்கும்,
தைலம்கூடத் தருவா.

"தட்டையே கட்டுங்கள், நானா."

காசை எண்ணுகிறேன்.
இரண்டு தாள் குறைகிறது.
திரும்பவும் எண்ணுகிறேன்.