முதல் பத்து நிமிஷம்

மதுரையில் பதிவான குரல்
மிடாலம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது
ததேயுவின் ஆட்டோவில், ஆனி மாசம்.
"அன்பார்ந்த பொதுமக்களே, மழைநீர் சேகரிப்பீர்!"
கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்த லியோன்
தலை நிமிராமல் கேட்டான்:
"ஓய், மழை இருக்கட்டும். நீர் யாரு?"

இங்கே நீர் என்றால் எதிரில் நிற்கிற ஆள்.
குடத்தில் இருப்பது வெள்ளம்.
வெள்ளம் பிடியுங்க என்றுதான்
நான் எழுதிக் கொடுத்திருந்தேன்;
ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ பயந்து திருத்திவிட்டார்கள்,
வெள்ளத்தைப் போய் எவனாவது பிடிப்பானா என்று.

சுவரொட்டி ஒட்டினோம்.
அதில் சிரித்த மழைத்துளிக்கு
மறுநாள் மீசை முளைத்திருந்தது.
பூசை முடிந்து சாமியார் அறிவித்தார்,
கல்யாண ஓலைகளுக்கும்
தொலைந்துபோன ஒரு கைபேசிக்கும் நடுவே.
அன்பியக் கூட்டத்தில் பதினேழு பேர்.
நிலத்தடி நீர்மட்டம் என்று தொடங்கினேன்.
மூன்று பேர் கொட்டாவியைச் சேலைத்தலைப்பால் மூடினார்கள்,
அது மரியாதை.

பிறிடா மட்டும் கையைத் தூக்கினாள்.
"கூரையில காக்கா பீ கெடக்கும், கருவாடு காயும்.
அந்த வெள்ளத்தையா பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதிய?"

முதல் பத்து நிமிஷ மழையை
வெளியே திறந்து விட்டுடணும், என்றேன்.
கூரை தன்னைக் கழுவிக்கும்.
பிறகு வருவதுதான் நமக்கு.
சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது:
அன்று நான் பேசியதிலும்
முதல் பத்து நிமிஷம்
யாருக்கும் ஆகாத வெள்ளம்.

பள்ளிமுக்கில் பிறிடாவுக்குச் சாயாக்கடை.
கிணற்று உப்பில் பால் திரியும்,
கேன் தண்ணீருக்குக் காசு போகும்.
தகரக் கூரைக்கு ஒரு பாத்தி வைத்தாள்.
கீழே நீலப் பீப்பாய்,
மீன்வாடை போக நாலு தடவை கழுவி
வாயில் வெள்ளை வேட்டி கட்டியது.
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்
லியோன் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"இன்னைக்கு எந்த வெள்ளம்?"
அவள் கரண்டியால் மேலே காட்டினாள்.
"மழையா?"
"பின்ன?"

அன்று ராத்திரி அது கடலுக்குப் போனது,
வள்ளத்துக்கு வள்ளம் வயர்லெஸ்ஸில்,
மீன் பட்டதா என்ற கேள்விக்கும்
காற்று சரியில்லை என்ற பதிலுக்கும் இடையில்:
பிறிடா கடையில சாயா திரியல்ல, கேட்டியா.

ஆடி முடியுமுன் பதினோரு பாத்தி.
ஒன்றின் சரிவு தலைகீழ், மழை தெருவுக்கு ஓடியது.
இரண்டு பீப்பாயில் கொசு.
மதுரைக் குரலை அணைத்துவிட்டு
ததேயு தானே மைக்கை எடுத்தான்:
"ஏசுமரியான் வீட்டுக்காரங்களே,
ஒங்க பீப்பாயில புழு நெளியுது!"
சண்டை வந்தது. ஆட்டோக் கண்ணாடி போனது.
விடிந்தபோது பீப்பாய் வாயில்
வலைத்துண்டு கட்டியிருந்தது.

ஒன்றிய அலுவலகத்துக்கு அறிக்கை.
விழிப்புணர்வு முறை: ஒலிபெருக்கி, சுவரொட்டி, கூட்டம், பிற.
'பிற' ஒரு விரல் அகலக் கட்டம்.
சாயா, என்று எழுதி அனுப்பினேன்.

போன் வந்தது:
"மேடம், இதுக்கு பில் இருக்கா?"