எதிர்ப்பக்கம்

அறிவியல் பயிற்சி நூல், பக்கம் நாற்பத்தாறு.
படத்துக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம்.
பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அச்சகத்தில்
ஏர்கோன் சொட்டும் வாளிக்கு அருகே உட்கார்ந்து
புதன் கோளில் பெருங்கல் விழுந்த இடத்துக்குச்
சொல் தேடுகிறேன்.

குழி என்றால் பல்லாங்குழி.
பள்ளம் என்றால் மழை விட்டதும்
ஜாலான் ஈப்போவில் மோட்டார்சைக்கிள்களை விழுங்குவது.
வடு என்று போட்டேன்.
"வடுன்னா மாங்காயா?" என்றார் முதலாளி பொன்னுரங்கம்.
அடித்துவிட்டேன்.

அகலம் ஆயிரத்து ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர்.
கோலாலம்பூரில் முள்ளை ஊன்றிக் காம்பஸைச் சுற்றினால்
ஜொகூரும் பினாங்கும் கடல் தாண்டி மேடானும்
உள்ளே போய்விடும்.
கூச்சிங் தப்பிக்கும்.
பிள்ளைகளுக்குப் புரியுமே என்று சேர்த்தேன்.
இடமில்லை. அதுவும் போயிற்று.

முதலில் போன விண்கலம் பார்த்தபோது
பள்ளத்தில் பாதி இரவுக்குள் கிடந்ததாம்.
வெயில் பட்ட பாதியை வைத்து
மீதியைக் கணக்குப் போட்டு
முப்பது வருஷத்துக்கு மேல் அதையே நம்பியிருந்தார்கள்.
அடுத்த கலம் போய் முழுதாய்ப் பார்த்தால்
நினைத்ததைவிடப் பெரிது.

நீயும் பாதியைத்தான் காட்டினாய், லோகேந்திரன்.
"இந்த மாசம் ஓவர்டைம் இல்ல" என்கிற பாதி.
பசியாறிவிட்டு, தேய்த்த கம்பெனிச் சட்டையோடு
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவாய்.
ஐந்து மணிவரை
தித்திவங்சா ஏரியைப் பார்த்தபடி இருந்திருக்கிறாய்.
ஈயம் தோண்டிய குழியில்
தண்ணீர் நின்று ஏரியானது அது. யாருக்குத் தெரிகிறது இப்போது?
கடிதத்தில் தேதி ஆகஸ்ட்.
நான் கண்டெடுத்தது தீபாவளிக்கு அடுத்த வாரம்,
தண்ணீர் பில்லோடு சேர்த்து நான்காய் மடித்து.

புதனில் அந்தக் கல் விழுந்ததும்
அதிர்வு கோளைச் சுற்றி ஓடியது, ஊடுருவியும் ஓடியது,
நேர் மறுபுறம் போய் ஒன்றோடொன்று முட்டியது
என்கிறார்கள்.
அங்கே எதுவும் விழவில்லை.
இருந்தும் அந்தத் தரை முழுக்க
நொறுங்கிய மேடுகள்,
எந்தப் பக்கம் போவதென்று தெரியாத வெடிப்புகள்.

நம் வீட்டில் ஒரு கோப்பைகூட நகரவில்லை.
துர்காஷினி மட்டும் செப்டம்பரிலிருந்து
எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள்.
ரப்பர் தேய்ந்து, தாள் கிழிந்து,
மேசை தெரியும்வரை.
கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
கண்ணில் ஒன்றுமில்லை. நூற்றிருபது ரிங்கிட்.

அவளுடைய பள்ளி வேன்
அந்த ஏரியைச் சுற்றித்தான் வரும் என்பது
நேற்று, சோறு வடிக்கும்போது, உறைத்தது.
கஞ்சி கையில் பட்டதுகூடத் தெரியவில்லை.

நாளைக்குப் புதன்கிழமை.
சுங்கை பூலோ கிடங்கொன்றில் உனக்கு நேர்முகம்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
பொன் ஏற்கெனவே அடகில்.
நல்லதாய் ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்,
கம்பெனிப் பெயர் இல்லாதது.

மறுபுறத்துச் சேதி பாடத்திட்டத்தில் இல்லை,
எடுத்துவிடு என்கிறார் பொன்னுரங்கம்.
எடுத்துவிட்டேன்.
படத்துக்குக் கீழே கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
'பெரும்பள்ளம். எதிர்ப்பக்கம் காண்க.'

எதிர்ப்பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.
இரண்டு மணிக்கு வேன் வந்துவிடும்.
போகிற வழியில்
ஒரு ரப்பர் வாங்க வேண்டும், பெரியதாக.