கரையாத வாள்

ஓகிகுபோ ரயில் பாலத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி, ஏசி ஒழுகும் அறை.
நான் இசோபே. மற்றவர் வரைந்த கோடுகளுக்குள்
நிறம் அடைப்பது என் வேலை.

எங்கள் தொடரில் வாள்கள் உப்பால் ஆனவை.
எலும்பையும் வெட்டும்; மழை பட்டால் கரையும்.
அவ்வளவுதான் சட்டம்.
அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான்
சம்பளம் குறைவென்றாலும் வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் பகுதியில் ஒரு காவல்காரன்,
பெயர்கூட வைக்கவில்லை அவனுக்கு.
கோட்டை வாசல். தூறல் ஆரம்பம்.
எதிரியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கிறான்.
மேலாடையைக் கழற்றி வாளுக்குச் சுற்றுகிறான்.
வெறும் தோள் குளிரில் ஒரு முறை சிலிர்க்கிறது.
நான்கு விநாடி.
தொண்ணூற்றாறு படம், ஹிரகுச்சி தனியாக வரைந்தார்.
தோளுக்கு மட்டும் ஏழு சாம்பல் கேட்டார்.
திட்டிக்கொண்டே கலந்து கொடுத்தேன்.
சண்டை அப்புறம்தான் வந்தது, நல்ல சண்டைதான்;
ஆனால் பயம்
அந்தத் தோளிலேயே வந்துவிட்டது.

குறை சொல்லட்டுமா?
குத்துப்பட்ட வில்லன் ஆறு நிமிடம்
குடும்ப வரலாறு பேசுகிறான்,
ரத்தமும் மரியாதையாகக் காத்திருக்கிறது.
படகோட்டி இட்சுகோ
ஒற்றைத் துடுப்பால் போர்க்கப்பலைத் திருப்பியவள்,
ஏழாம் பகுதியிலிருந்து
உப்புப் படையில் ஒப்புக்கு நிற்கிறாள்,
நாயகன் பெயரைக் கத்த மட்டும் வாய்.
எட்டில் குதிரைகள் ஓடவில்லை,
பின்னால் மலைதான் ஓடியது.
அந்த வாரம் ஹிரகுச்சி ஆஸ்பத்திரியில்.

ஒன்பதில்
கொட்டுகிற மழை, பதினோரு நிமிடச் சண்டை.
வாள் கரையவே இல்லை.
எழுந்துபோய்க் கேட்டேன்.
தயாரிப்பு மேலாளர் நமிகாவா
மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டி எடுத்தார்.
பிளாஸ்டிக் வாள், பொத்தானை அமுக்கினால் நீல ஒளி.
"கரைஞ்சு போற வாளை எந்தக் கடைக்காரன் வாங்குவான்?"
அவர் கெட்டவர் இல்லை.
இரண்டு நாளாய் வீட்டுக்குப் போகாத சட்டை.
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
மழைக்கு நிறம் அடைத்தேன்,
உப்புக்குப் பெறாத மழைக்கு.

நேற்று சாயங்காலம், ஜூன் மாதத்து விடாத மழை.
சிக்னலில் பக்கத்தில் ஒரு பையன்.
முதுகில் பள்ளிப் பை, கையில் அந்த வாள்.
குடை முழுக்க வாளுக்கு,
தலை சொட்டச் சொட்ட அவன்.
"உனக்குப் பிடிடா" என்று அம்மா இழுக்கிறாள்.
"நனைஞ்சா கரைஞ்சிடும்மா."
"அது பிளாஸ்டிக்."
"இப்ப பிளாஸ்டிக்."

பொத்தானை அவன் அமுக்கவே இல்லை.
ஒன்பதாம் பகுதியை அவனும் பார்த்திருப்பான்.
பார்த்துவிட்டு
எங்களை மன்னித்திருக்கலாம்,
அல்லது நம்பாமல் விட்டிருக்கலாம்.

விளக்கு மாறியது.
ஈரச் சட்டைக்குள் அவன் தோள்
ஒரு முறை சிலிர்த்தது.

ஹிரகுச்சி-சான்,
ஏழு சாம்பல் போதாது.
எட்டாவது ஒன்று இருக்கிறது,
கழுத்துக்குக் கீழே, கொஞ்சம் நீலம் கலந்து.